லிப்ரேஆஃபிஸ் ரைட்டரில் வடிவமைப்பு வசதிகளை இயக்குவதும் நிறுத்துவதும்: முழுமையான வழிகாட்டி

திங்கட்கிழமை என்றால் வேலூர் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர் நாள். காலை எட்டரை மணிக்கெல்லாம் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் டைப்பிங் கடையில் மனு அடிக்க வரிசை நிற்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் தடுமாறுவது அந்த நேரத்தில்தான். எல்லோரும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர்கள், விரல் வேகத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் லிப்ரேஆஃபிஸ் ரைட்டர் என்ற டைப்பிங் மென்பொருளில் அவர்கள் அடிப்பது ஒன்று, திரையில் நிற்பது வேறொன்று. கோடு தானாக விழுகிறது, வரிசை எண் தானாக ஏறுகிறது, ஒரு எழுத்து இன்னொரு எழுத்தாகிவிடுகிறது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பக்கத்தையே அழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்கிறார்கள்.

இதற்கெல்லாம் அடிப்படையான விஷயம் ஒன்றுதான்: ஒரு வசதி எந்த இடத்தில் இயக்கப்பட்டதோ, அந்த இடத்தில்தான் அதை நிறுத்த முடியும். கீழே உள்ள படிகள் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வரிசையில் இருக்கின்றன. முதல் மூன்று படிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மெனு பெயர்களை ஆங்கிலத் திரையில் தெரிகிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். பதிப்புக்குப் பதிப்பு ஓரிரு பெயர்கள் இடம் மாறியிருக்கலாம்.

1. தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

முதலில் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைல் மெனுவில் சேவ் ஆஸ் கொடுத்து, பெயரின் கடைசியில் 2 என்று சேர்த்தால் போதும். வடிவமைப்பை நீக்கும் வேலையில் ஒரே அழுத்தில் முப்பது பக்கமும் மாறிவிடக்கூடும். கன்ட்ரோல் இசட் காப்பாற்றும்தான். ஆனால் ஃபைலை மூடித் திறந்துவிட்டால் அதுவும் கைவிட்டுவிடும்.

அடுத்தது, ஃபைலில் இருப்பது யூனிகோடு தமிழா, பழைய எழுத்துருவா என்று பார்க்க வேண்டும். ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுத்து, ஃபான்ட்டை லிபரேஷன் செரிஃப் என்று மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் அது யூனிகோடு. ஆங்கில எழுத்துகளாகச் சிதறினால், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. பார்த்ததும் கன்ட்ரோல் இசட் போட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இந்தச் சோதனைக்குப் பத்து வினாடி ஆகும். இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான்காவது படியில் சொல்கிறேன்.

யூனிகோடு என்றால் இன்னொரு வேலையும் உண்டு. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மொழி அமைப்புகள் பகுதிக்குப் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுங்கள். ரைட்டர் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி எழுத்துரு வைத்துக்கொள்கிறது. இந்த டிக் இல்லாவிட்டால், தமிழுக்கான எழுத்துரு பெட்டி பல இடங்களில் கண்ணுக்கே தெரியாது.

2. மறைந்திருப்பதைக் காட்டச் சொல்லுங்கள்

கன்ட்ரோல் எஃப்10 அழுத்துங்கள். ஒவ்வொரு என்டருக்கும் ¶ குறி, ஒவ்வொரு ஸ்பேஸுக்கும் ஒரு புள்ளி, ஒவ்வொரு டேபுக்கும் ஓர் அம்பு, ஷிஃப்ட் என்டர் போட்ட இடத்தில் வளைந்த அம்பு என்று எல்லாம் வெளியே வரும். மறுபடி அழுத்தினால் மறைந்துவிடும். இவை திரைக்கு மட்டும்தான், பிரின்டில் வராது. புதியவர்கள் பலர் இந்தக் குறிகளைக் கண்டு பயந்து உடனே மூடிவிடுகிறார்கள். கொஞ்சம் பழகும் வரை திறந்தே வைத்திருங்கள்.

இது ஏன் முதலில்? டைப்ரைட்டரில் பழகிய கை, ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்டர் தட்டும், “இப்படிக்கு” என்பதை வலப்பக்கம் தள்ள நாற்பது ஸ்பேஸ் அடிக்கும். இரண்டுமே திரையில் அழகாகத்தான் தெரியும். எழுத்தளவைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், மொத்தமும் கலைந்துவிடும். அப்படிப்பட்ட பக்கத்தில் எந்த வசதியை இயக்கினாலும் நிறுத்தினாலும் சரியான பலன் கிடைக்காது. அங்கே பத்தி என்று ஒன்றே இல்லை, வரிக்கு வரி தனிப் பத்தி. குறிகளைப் பார்த்து, தேவையில்லாத ¶ எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடுங்கள்.

வரிகளை இரு பக்கமும் சமமாக நிறுத்தும்போது, சில வரிகளில் மட்டும் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளி விழும். அந்த வரியின் கடைசியில் பாருங்கள், பெரும்பாலும் வளைந்த அம்பு இருக்கும். பத்தி அங்கே முடியவில்லை என்று ரைட்டர் நினைத்து வரியை ஓரம் வரை இழுக்கிறது. அதை அழித்துவிட்டு என்டர் போட்டால் சரியாகிவிடும்.

3. எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

ரைட்டரில் ஒரு வடிவமைப்பு நான்கு அடுக்குகளில் ஏதோ ஒன்றில் இருக்கும். எழுத்தின் மேல் நேரடியாகப் போட்டது, பத்தியின் மேல் நேரடியாகப் போட்டது, ஸ்டைலில் (ஒரு பெயரில் சேர்த்துவைத்த வடிவமைப்புத் தொகுப்பு) எழுதிவைத்தது, மென்பொருளே தானாகச் செய்வது. ஒன்றில் இருப்பதை இன்னொன்றில் தேடினால் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

பிரித்தறியும் வழி இது. சந்தேகமான பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் எம் அழுத்துங்கள். நேரடியாகப் போட்ட தடிமன், சாய்வு, நடுவில் நிறுத்தியது எல்லாம் நீங்கிவிடும். நீங்கினால் முதல் இரண்டு அடுக்கு. அசையாமல் நின்றால் ஸ்டைல். நீக்கியபின் புதிதாக அடிக்கும்போது மறுபடியும் தானாக வந்தால், அது மென்பொருளின் தானியங்கி வேலை.

இந்தச் சோதனையில் இரண்டு தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, கன்ட்ரோல் ஏ போட்டு முழு ஃபைலையும் தேர்ந்தெடுத்துவிட்டு கன்ட்ரோல் எம் அழுத்துவது. தலைப்பு, பொருள் வரி, கையெழுத்து இடம் எல்லாம் ஒரே மாதிரி இடப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். மற்றொன்று, பழைய எழுத்துரு ஃபைலில் இதைச் செய்வது. எழுத்துருவும் நேரடி வடிவமைப்புதானே, அதையும் சேர்த்து நீக்கிவிடும். தமிழ் முழுவதும் ஆங்கிலக் கிறுக்கலாகும். “அண்ணா, ஃபைல் போச்சு” என்று ஒரு தங்கை அழுதேவிட்டாள். ஃபைல் எங்கும் போகவில்லை. கன்ட்ரோல் இசட் போடுங்கள், அல்லது மறுபடியும் அந்தப் பழைய எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள், வந்துவிடும்.

4. தானாக நடப்பவற்றை நிறுத்துங்கள்

இதுதான் பெரிய படி. நம் கடையில் வரும் பத்துக் குழப்பங்களில் ஏழெட்டு இங்கேதான் கிடக்கின்றன என்பது என் அனுபவம்.

ஏதாவது தானாக மாறிய அந்த நொடியில் செய்ய வேண்டியது ஒரே ஒரு கன்ட்ரோல் இசட். ஒருமுறை அழுத்தினால் மென்பொருள் செய்த மாற்றம் மட்டும் திரும்பும், நீங்கள் அடித்தது அப்படியே இருக்கும். இரண்டாம் முறை அழுத்தினால்தான் உங்கள் எழுத்தும் போகும். புதியவர்கள் படபடவென்று நாலைந்து முறை அழுத்திவிட்டு, இது வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

நிரந்தரமாக நிறுத்த இரண்டு வழி. அவசரம் என்றால் டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட், அதற்குள் வைல் டைப்பிங் என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். நீங்கள் அடிக்கும்போது நடக்கும் தானியங்கி வேலை மொத்தமாக நிற்கும். பழைய பத்திரத்துக்கு நகல் அடிக்கும்போது நான் இப்படித்தான் செய்கிறேன். போளூர்ப் பக்கத்து நிலத்தின் பழைய பத்திரம் என்றால் அதில் “வட ஆற்காடு மாவட்டம்” என்றுதான் இருக்கும். 1989-ல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகிவிட்டதே என்று நாம் அதை மாற்றி எழுதக் கூடாது. அதேபோல ஒரு புள்ளியையோ கோட்டையோ மென்பொருள் மாற்றவும் விடக் கூடாது. நகல் என்றால் மூலத்தில் இருப்பது இருக்கிறபடி வர வேண்டும்.

நிதானமாகச் செய்ய நேரம் இருந்தால் டூல்ஸ், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் திறந்து, ஆப்ஷன்ஸ் என்ற தாவலுக்குப் போங்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இரண்டு பெட்டிகள் இருக்கும், மேலே எம், டி என்று எழுத்து. டி என்பது அடிக்கும்போதே நடப்பது. எம் என்பது ஏற்கெனவே அடித்து முடித்ததன் மேல், நீங்கள் கட்டளை கொடுத்தால் மட்டும் நடப்பது. தொல்லை கொடுப்பது டி பெட்டி. எம்-மில் டிக்கை எடுத்துவிட்டு, இன்னும் நிற்கவில்லையே என்று காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வரி. யூனிகோடு தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாததால் இது எதையும் செய்யாது. பழைய எழுத்துருவில்தான் ஆபத்து. பாமினியில் ஆங்கிலச் சிறிய எஃப் அடித்தால் க, பெரிய எஃப் அடித்தால் கு. ரைட்டருக்குத் தெரிவது ஆங்கில எழுத்து மட்டும்தான். ஆகவே வாக்கியம் “கடை” என்று தொடங்கினால் அதைத் திருத்தி “குடை” ஆக்கிவிடும். “படம்” என்று தொடங்கினால் “புடம்”. மாறி வந்ததும் நல்ல தமிழ்ச் சொல்லாகவே இருப்பதால் சரிபார்க்கும் கண்ணில் படாது. கடை வாடகை பற்றிய ஒரு மனு “குடை வாடகை” என்று போய்த் திரும்பி வந்தது எனக்கு நேர்ந்தது. பழைய எழுத்துருவில் வேலை செய்வோர் முதலில் நிறுத்த வேண்டியது இதுதான்.

அதற்கு மேலேயே இருக்கும், இரண்டு பெரிய எழுத்து சேர்ந்து வந்தால் இரண்டாவதைச் சிறியதாக்கும் வரி. இதுவும் அதே காரணத்துக்காக வேண்டாம். பாமினியில் “குழுவில்” என்பதன் முதல் இரண்டு எழுத்தும் பெரிய ஆங்கில எழுத்துகள். இது குறுக்கிட்டால் “குழவில்” ஆகும். மகளிர் சுய உதவிக் குழுக்களின் தீர்மானம் அடிக்கும் இடங்களில் பக்கத்துக்குப் பத்து தரம் வரும் சொல் அது.

வரிசை எண், புள்ளிப் பட்டியல். 1 போட்டு, முற்றுப்புள்ளி வைத்து, ஸ்பேஸ் விட்டு எழுதி என்டர் தட்டினால் அது பட்டியலாகிவிடும். மனுவில் கோரிக்கைகளை வரிசைப்படுத்த இது உதவும்தான். ஆனால் பத்திர நகலில் எண் மூலத்தில் உள்ளபடி எழுத்தாகவே நிற்க வேண்டும். பட்டியலாக மாறிய எண்ணைத் தேர்ந்தெடுத்து அழிக்கவே முடியாது, அது எழுத்தே இல்லை. கர்சரை அந்த வரியின் தொடக்கத்தில் வைத்து பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். பட்டியல் முழுவதும் வேண்டாம் என்றால் தேர்ந்தெடுத்துவிட்டு எஃப்12. அதே எஃப்12-தான் வேண்டும்போது பட்டியலை இயக்கவும் செய்யும். ஆகவே இந்த வரியின் டிக்கை எடுத்துவிடுங்கள், தேவைப்பட்டால் நீங்களே எஃப்12 போட்டுக்கொள்ளலாம்.

கோடு. மூன்று ஹைஃபன் அடித்து என்டர் தட்டினால் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு விழும். “அண்ணா, இந்தக் கோடு போகவே மாட்டேங்குது” என்று வாரத்துக்கு ஒருவராவது கூப்பிடுவார்கள். கோட்டின் மேல் மவுஸை வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அந்தக் கோடு, அதற்கு மேலே உள்ள பத்தியின் அடிப்பக்க ஓரம். மேல் பத்தியில் கர்சரை வைத்து ஃபார்மேட், பாராகிராஃப், பார்டர்ஸ் போய் நோ பார்டர் கொடுங்கள். போய்விடும்.

நட்சத்திரக் குறிக்கு நடுவே எழுதினால் தடிமனாக்கும் வரி, இணைய முகவரியை நீலமாக்கும் வரி, ஹைஃபனை நீளக் கோடாக்கும் வரி, மூன்றையும் நான் நிறுத்தியே வைத்திருக்கிறேன். மனுவில் மின்னஞ்சல் முகவரி ஏற்கெனவே நீலமாக இருந்தால் ரைட் கிளிக் செய்து ரிமூவ் ஹைப்பர்லிங்க்.

ரீப்ளேஸ் என்ற தாவலில் ஒரு பட்டியல் இருக்கும். ஆங்கில மனுவில் இணைப்புகளை அடைப்புக்குறிக்குள் ஏ, பி, சி என்று வரிசையாக அடித்துக்கொண்டு போனால், மூன்றாவது மட்டும் © ஆகிவிடும். காரணம் இந்தப் பட்டியல்தான். அந்த ஒரு வரியை மட்டும் தேர்ந்தெடுத்து டிலீட் கொடுங்கள். பட்டியலையே நிறுத்திவிடாதீர்கள், அது நமக்கு வேண்டும். மேலே மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்து, “மாஆ” என்று அடித்தால் “மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்” என்று வரும்படி சேர்த்துவைத்தால் திங்கட்கிழமை கை வலிக்காது. மொழிக்கு மொழி பட்டியல் வேறு. ஆங்கிலப் பட்டியலில் சேர்த்துவிட்டுத் தமிழில் வரவில்லை என்று தேடுவதும் நடக்கிறது.

கடைசியாக வேர்ட் கம்ப்ளீஷன் என்ற தாவல். இது இயங்கினால், பாதி அடிக்கும்போதே மீதியைக் காட்டி, என்டர் தட்டியதும் நிரப்பிவிடும். நீங்கள் என்டர் தட்டியது அடுத்த வரிக்குப் போக. முன்பு அடித்த யாரோ ஒருவரின் ஊர்ப்பெயர் வந்து உட்காரும். வைல் டைப்பிங் டிக்கை எடுத்தாலும் இது தனியாக ஓடிக்கொண்டிருக்கும், அதனால் இங்கே வந்துதான் நிறுத்த வேண்டும்.

5. எழுத்தின் மேல் போடுபவை

கன்ட்ரோல் பி தடிமன், கன்ட்ரோல் யு அடிக்கோடு. இரண்டும் ஸ்விட்ச் மாதிரி, ஒருமுறை இயக்கும், மறுமுறை நிறுத்தும். அடிப்பதற்கு முன்பே இயக்கிவிட்டு அப்புறம் நிறுத்த மறப்பதுதான் வழக்கமான தவறு. “பொருள்” என்ற சொல்லுக்குப் போட்ட தடிமன் மனு முடிகிற வரை ஓடும். முழுவதும் அடித்து முடியுங்கள், பிறகு தேவையான சொல்லைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். நிறுத்துவதை மறக்கவே வாய்ப்பு இருக்காது.

சாய்வெழுத்தைத் தமிழில் நான் போடுவதில்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குத் தனிச் சாய்வு வடிவம் கிடையாது, மென்பொருள் நேர் எழுத்தையே சாய்த்துக் காட்டுகிறது. சின்ன அளவில் ஜெராக்ஸ் எடுத்தால் படிக்கக் கஷ்டம்.

எழுத்துருவோ அளவோ மாறவில்லை என்றால், ஃபார்மேட், கேரக்டர் திறந்து பாருங்கள். வெஸ்டர்ன், காம்ப்ளெக்ஸ் என்று இரண்டு பகுதி இருக்கும். வெஸ்டர்னில் 14 என்று மாற்றினால் ஆங்கிலம் மட்டும்தான் வளரும். தமிழுக்குக் காம்ப்ளெக்ஸ் பகுதியில் மாற்ற வேண்டும்.

6. ஸ்டைலில் இருப்பவை

கன்ட்ரோல் எம் போட்டும் அசையாதது இங்கே இருக்கும். எஃப்11 அழுத்தினால் ஸ்டைல் பட்டியல் திறக்கும், கர்சர் நிற்கும் பத்தியின் ஸ்டைல் பெயர் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அதன் மேல் ரைட் கிளிக் செய்து எடிட் ஸ்டைல் கொடுத்து, வேண்டாததை அங்கே நிறுத்துங்கள். அந்த ஸ்டைல் உள்ள எல்லாப் பத்தியும் ஒரே நேரத்தில் மாறும். கல்லூரி மாணவர்களின் எண்பது பக்கப் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் தலைப்புக்குத் தலைப்பு கையால் மாற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் மனசு பதறும். இங்கே ஒரு நிமிட வேலை அது.

ஒரு பத்தியை நடுவில் நிறுத்தினால் பத்துப் பத்திகள் நடுவுக்குப் போகின்றன என்றால், அந்த ஸ்டைலின் முதல் தாவலில் ஆட்டோஅப்டேட் டிக் போடப்பட்டிருக்கும். எடுத்துவிடுங்கள்.

7. மாற்றப் பதிவை முடித்துவிட்டு நிறுத்துங்கள்

கன்ட்ரோல் ஷிஃப்ட் சி போட்டால் ரெக்கார்ட் இயங்கும். அதற்குப் பிறகு அடிப்பது வண்ணத்திலும் அழிப்பது குறுக்குக் கோட்டோடும் நிற்கும். வக்கீல் ஆபீஸிலிருந்து வரும் ஃபைல்களில் இது பெரும்பாலும் இயங்கிக்கொண்டே இருக்கும். உதாரணமாக 2019-ல் இராணிப்பேட்டை தனி மாவட்டமானதால், ஆற்காடு, வாலாஜா முகவரிகளில் வேலூர் மாவட்டம் என்பதை மாற்றியிருப்பார்கள். பழையதும் புதியதும் இரண்டும் பக்கத்தில் தெரியும்.

இதில் மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன, மூன்றையும் ஒன்றாக நினைப்பதால்தான் குழப்பம். ரெக்கார்டை நிறுத்தினால் இனிமேல் செய்வது பதிவாகாது, பழைய பதிவு அப்படியே இருக்கும். ஷோ என்பதை நிறுத்தினால் கண்ணுக்கு மட்டும் மறையும், ஃபைலுக்குள் பழைய முகவரி உட்கார்ந்திருக்கும். எடிட், ட்ராக் சேஞ்சஸ், மேனேஜ் போய் அக்செப்ட் ஆல் கொடுத்தால்தான் வேலை முடியும். யாருடைய ஃபைலோ அவரிடம் கேட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். எது சரி என்பது அவர் முடிவு. வரிசையும் முக்கியம்: முதலில் ஷோவை இயக்கி எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள், பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள், கடைசியாக ரெக்கார்டை நிறுத்துங்கள்.

8. எது ஃபைலோடு போகும், எது கம்ப்யூட்டரிலேயே நிற்கும்

தடிமன், பத்தி அமைப்பு, ஸ்டைல், மாற்றப் பதிவு ஆகியவை ஃபைலுக்குள் இருப்பவை. நீங்கள் குடியாத்தத்தில் நிறுத்தியது காட்பாடியில் திறந்தாலும் நின்றே இருக்கும். ஆட்டோகரெக்ட் அமைப்புகள் அந்தந்தக் கம்ப்யூட்டருக்கு உரியவை. பக்கத்து மேசையில் உட்கார்ந்தால் “கடை” மறுபடியும் “குடை” ஆகும். எனவே கடையில் எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறதோ, நான்காவது படியை அத்தனையிலும் செய்ய வேண்டும்.

வேறு இடத்தில் பிரின்ட் எடுக்கப் போகும் ஃபைல் என்றால் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிடுங்கள். அனுப்பும் முன் அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து ஒவ்வொரு பத்தியின் முதல் சொல்லையும், வரிசை எண்களையும், மாவட்டப் பெயரையும் மூலத்தோடு வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மனுதாரர் பக்கத்திலேயே இருந்தால் அவருக்குக் கேட்கும்படி படியுங்கள். அணைக்கட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர், நான் இரண்டு முறை பார்த்தும் விட்ட தப்பைக் கேட்ட மாத்திரத்தில் பிடித்துக் கொடுத்தார்.